வியாழன்தோறும் கார் நின்ற இடம்

பிரிக்பீல்ட்ஸ்,
12 செப்டம்பர் 1996

அன்புள்ள சண்முகரத்தினத்துக்கு,

இங்கே நான் நலம். பெர்த்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மேற்படிப்புக்குக் கிளம்பும்முன் நம் கார் கூரையில் ஆன்டெனாவைப் பொருத்தினீர்கள். செயற்கைக்கோளின் சமிக்ஞை ஈரக் காற்றில் கொஞ்சம் தாமதமாகும், ஓடும் காரிலிருந்து அந்தத் தாமதத்தை அளந்தால் ஊருக்கு மேலே எவ்வளவு நீராவி என்று தெரியும் என்றீர்கள். நம்பினேன். அளவுகள் பதிவான டிஸ்கெட்டை வாரம் தவறாமல் அனுப்பினேன். நான் போன வழியும் அதில் பதிவாகிறது என்று நீங்கள் சொல்லவில்லை.

ஜூலைக் கடிதத்தில் கேட்டீர்கள்: வியாழக்கிழமைகளில் நான்கிலிருந்து ஆறு வரை கார் கிளாங்கில் அசையாமல் நிற்கிறதே, யார் வீடு?

பதில் எழுதவில்லை. உங்களைச் சோதித்தேன். ஆகஸ்டில் ஒருநாள் தம்பி லியனார்டிடம் காரைக் கொடுத்து, நமக்கு யாருமில்லாத பூச்சோங்கில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னேன். அன்று பேய்மழை. சாலையெல்லாம் வெள்ளம். உங்கள் ஆய்வுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

திங்களன்று உங்கள் பதில் வந்தது. மழையைப் பற்றி ஒரு வரி இல்லை. பூச்சோங்கில் யார் என்று மட்டும். லியனார்ட் படித்துவிட்டு, "மச்சான் மழையப் பாக்கலக்கா, உன்னைத்தான் பாக்குறாரு லா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளாங்கில் இருப்பது உங்கள் அம்மா. வேதக்காரப் பெண்ணை, கிறிஸ்தவளான என்னைக் கட்டினீர்கள் என்று உங்களோடு பேச்சை நிறுத்தியவர், பழைய வீட்டை விட்டுக் கிளாங்குக்கு வந்ததையும் உங்களுக்குச் சொல்லவில்லை. மார்பில் கட்டி. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் எனக்குத்தான் போன் செய்தார். வியாழன்தோறும் கூட்டிப்போய், நான்கு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விட்டு ஆறு வரை கூட இருக்கிறேன். "அவனுக்குச் சொல்லிப்போடாதை" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என் கையால் தேநீர் இன்னும் குடிப்பதில்லை.

முதல் நாளே ஆன்டெனாவைக் காட்டி, "உதென்ன பிள்ளை?" என்று கேட்டார். உங்கள் கருவி என்றேன். "அவன் இதாலை எங்களைப் பாக்கிறானோ?" என்றார். இல்லை மாமி, மழையை மட்டும்தான் என்றேன்.

அவர் நம்பவில்லை. அடுத்த வியாழனிலிருந்து நல்ல சேலை கட்டிக்கொண்டு, நான் கிளம்பும்வரை காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

அறுவை சிகிச்சை இருபத்தாறாம் தேதி காலையில். சத்தியத்தை மீறிவிட்டேன், கர்த்தர் பொறுத்துக்கொள்ளட்டும். என்மேல் உங்களுக்குள்ள சந்தேகம், உங்கள்மேல் எனக்குள்ளது, இரண்டும் அப்படியே இருக்கட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம்.

இருபத்தாறுக்கு முன் வந்துவிடுங்கள். அவர் முகத்தை நேரில் பாருங்கள்.

உங்கள்
டோரிஸ்