பெட்டி கட்டும்போது இருந்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

அறுபத்து நான்காவது செட் பெட்டியில் ஏறியது. இருந்தவர்கள்: நான். இவர், டேப் ஒட்ட. அத்தை, அதாவது இவருடைய அம்மா, கோப்பைகளைத் துணியில் சுற்ற. எதிர்வீட்டுத் தையல்காரி, வெட்டுத்துணி மூட்டையைக் கொடுக்க வந்தவள் டீக்கு உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரும் இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை நால்வரும் இருந்தோம்.

ஒவ்வொரு பார்சலுக்கும் இப்படி எழுதி வைப்பது என் வழக்கம். முன்பு என்னிடம் வாங்கிய ஒருத்தி டீ பாட் மூடி வரவே இல்லை என்று சண்டைக்கு வந்தாள். இந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே மூடி அவள் வீட்டுப் பெட்டியின் அடித்தாளிலிருந்து எழுந்து வந்துவிட்டது.

இது வயலட் பூப் போட்ட பழைய பீங்கான் டீ செட். கோப்பை ஆறு, சாஸர் ஆறு, கேக் தட்டு ஆறு, டீ பாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம். படம் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டேன். மணிபோல நின்று ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல் ஒளிந்திருக்கிறது. யாரும் சொல்லித்தந்த வித்தையில்லை. பாதி நூலகப் புத்தகம், மீதி நான் ஏமாந்தது.

இணைய ஏலப் பக்கத்தில் நான் போடும் முதல் படம் எப்போதும் குறைதான். இந்த முறை டீ பாட் மூக்கின் அடியில் அரிசியளவு பெயர்ந்த இடம். இவருக்கு அது பொறுக்காது. “இன்டர்வியூவுக்குப் போனவன் உக்காந்ததும் ‘சார், எனக்கு மத்தியானம் தூக்கம் வரும்’னு சொல்ற மாதிரி இருக்கு” என்றார். “அவனுக்குத்தான் வேலை குடுக்கணும்” என்றேன். அறுபத்து மூன்று விற்பனை, அறுபத்து மூன்று பச்சைக் குறி. வாங்கியவர்கள் ஒருவர்கூடச் சிவப்பு போட்டதில்லை. இவர் பேசட்டும்.

ஆறு மணிப் பிரார்த்தனை வழக்கம்போல். ஆறேகாலுக்குப் பெட்டியை ஒட்டியாயிற்று.

மார்ச் 5

தபாலில் சேர்த்தாயிற்று. ஆறு நாளில் போய்ச் சேரும். கடவுள் துணை.

மார்ச் 11, செவ்வாய்

வயலட் செட்டை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து மின்னஞ்சலில் கடிதம். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவராம். அக்காவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கியிருக்கிறார். 28ஆம் தேதி, மேசைக்கு ஆறு பேர். “ஐந்து கோப்பைகளின் அடியில் 27 இருக்கிறது. ஒன்றில் 31. பூவும் அதில் மற்றப் பக்கம் சாய்கிறது. இது எப்படி என்று சொல்ல முடியுமா?”

முடியும். பூ வரைந்தவர் தன் எண்ணை அடியில் சிவப்பில் இடுவார். ஒரே பூவை இரண்டு பேர் வரைந்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். 27 என்பவர் இடப்பக்கம் சாய்த்து வரைவார். 31 என்பவர் வலப்பக்கம். ஆனால் நான் அனுப்பிய ஆறும் 27. அடிப்பக்கப் படம் ஏலப் பக்கத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எழுதிவிட்டேன்: பெட்டி கட்டும்போது நான்கு பேர் இருந்தோம், தொடக்கம் முதல் முடிவுவரை, நோட்டின் படம் இணைப்பில்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கோர்ட்டுல கூண்டுல ஏத்தற மாதிரி எழுதியிருக்க” என்றார். உள்ளதைத்தானே எழுதினேன்.

மார்ச் 12

பதில் வந்தது. இரண்டே வரி. “அம்மா, நான் உங்கள்மேல் பழி எதுவும் சொல்லவில்லை. 31 என்று இருக்கிறது என்றுதான் சொன்னேன்.”

இந்தத் தொழிலில் அதுவும் நடக்கும். தங்களிடம் இருக்கிற மட்டக் கோப்பையை மாற்றி வைத்துவிட்டு, நீ அனுப்பியதுதான் என்பார்கள். ஏலத் தளத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது ஆறு மணி. எழுந்து போய்ப் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினேன் —

போன செவ்வாய்க்கிழமையும் ஆறு மணிக்கு இங்கேதானே இருந்தேன்? இந்த அறையில், கண்ணை மூடிக்கொண்டு. பெட்டி அந்த அறையில்.

பத்து நிமிஷம் இருக்கும். நால்வரும் இருந்தோம் என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். நான் இல்லை. மூன்று வருஷமா ஒரு பார்சல்லயாவது நான் ஆறு மணிக்கு அங்க இருந்திருக்கேனா?

புகாரை அனுப்பவில்லை.

மார்ச் 13, வியாழன்

உதிரிக் கோப்பைகள் இருக்கிற அலமாரியைத் திறந்தேன். 31 எண்ணில் மூன்று வயலட் கோப்பைகள் இருக்க வேண்டும், உடைந்த செட் ஒன்றில் மிஞ்சியவை. இரண்டுதான் இருந்தன.

முதலில் தையல்காரியிடம் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “அக்கா, என்னைய விட்டுருங்க. நான் டீ குடிச்சேன், போனேன்.”

“போறதுக்கு முன்னாடி என்ன பாத்தே?”

“பாத்தேன். ஆனா நான் பாத்தது உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் தெரியும். அவங்களையே கேளுங்க.”

அத்தையிடம் கேட்டேன். மறுக்கவில்லை. கம்பளி நூல் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தார். 27. கைப்பிடி இரண்டு துண்டு.

“சுத்தும்போது கைப்பிடி கையோட வந்துடுச்சு. நீ கண்ண மூடிட்டு உள்ள இருந்த. அதே பூ அலமாரில இருந்துச்சு, எடுத்து வெச்சேன். அடியில நம்பர் இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?”

“நான் வெளிய வந்ததும் சொல்லியிருக்கலாம்ல, அத்தை?”

“பயந்துட்டேன்.”

“யாருக்கு?”

“யாருக்கா? ஒனக்குத்தான். போன வருஷம் ஒரு மூடி லேசா ஒரசினதுக்கு மூணு நாள் பேசல நீ.”

மூன்று நாள் இல்லை, இரண்டு நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை சொல்லவில்லை. பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று நாள்தான்.

இவர் அன்று டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாராம், எதையும் பார்க்கவில்லையாம். முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். ஒரு டேப்பின் நுனி கிடைக்கப் பத்து நிமிடம்.

மார்ச் 14

பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. சொல்வதற்குத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

இவர் சொல்வது: “அந்த ஆளு பணம் திருப்பிக் கேக்கல. செவப்பு போடுவேன்னும் சொல்லல. பேசாம இரு, தானா அடங்கிடும்.”

அடங்கும்தான். அந்தப் பெரியவர் சண்டைக்காரர் இல்லை. ஆனால் 28ஆம் தேதி அந்த மேசையில் ஆறு பேர் உட்கார்வார்கள், ஒருவர் கையில் மட்டும் பூ மற்றப் பக்கம் சாயும், அவர் அக்கா அதைப் பார்ப்பார். நான் பச்சைக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அரிசியளவு சில்லை முதல் படமாகப் போடுகிறவள், இதை எந்தப் படத்துக்குப் பின்னால் வைப்பது?

பணத்தை முழுதாகத் திருப்பித் தந்து செட்டை வரவழைக்கலாம். அதுதான் நேர். ஆனால் பிறந்தநாளுக்குள் அவருக்கு வேறு செட் கிடைக்காது. 27 எண்ணில் தனிக் கோப்பை எல்லா ஏலங்களிலும் தேடினேன். இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை, தட்டைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்த இரண்டு 31-ஐயும் எடுத்து வந்தார். என்னிடம் கேட்காமல். மேசையில் வைத்தார்.

“அவருகிட்ட இதுல ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டும் போனா மூணு. அந்தப் பக்கம் சாயறது மூணு, இந்தப் பக்கம் சாயறது மூணு. ஆறுல ஒண்ணு மாறினாத்தான் கண்ணுல குத்தும். எதிரும் புதிருமா மூணு மூணு வெச்சா, இப்படித்தான் செஞ்சாங்கன்னு நெனப்பாங்க.”

என் புத்தகம் எதிலும் இது இல்லை. அலமாரியில் அந்த ஜோடி இருக்கிறது என்று எனக்கும் தெரியும். தோன்றவில்லை.

இரண்டையும் நகத்தால் தட்டினேன். மணி. அத்தையிடம் நீட்டினேன், அவரும் தட்டினார். “நல்லாத்தான் கேக்குது” என்றார், பெரிய வைத்தியர் மாதிரி.

மார்ச் 17, திங்கள்

கடிதத்தை இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன். எழுதும்போது இருந்தவர்கள்: நான், அத்தை. நடுவில் யாரும் எழுந்து போகவில்லை. அத்தையைச் சொல்லாமல், ‘என் வீட்டில் உடைந்தது’ என்று மட்டும் முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, “என்னையும் சேத்தே எழுது. இதுக்கப்புறம் எனக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறீங்க?” என்றார். சேர்த்தேன்.

ஐயா,

தவறு என்னுடையது. உங்கள் செட்டின் ஒரு கோப்பை என் வீட்டில்தான் உடைந்தது, அதன் இடத்தில் வேறொன்று என் வீட்டில்தான் வைக்கப்பட்டது. உடைந்த கோப்பையின் படத்தை முதலில் இணைத்திருக்கிறேன். நால்வரும் முழு நேரமும் இருந்தோம் என்று உங்களுக்கு எழுதியது உண்மையில்லை. பத்து நிமிடம் நான் அடுத்த அறையில் பிரார்த்தனையில் இருந்தேன். சுற்றியவர் என் மாமியார். எனக்குப் பயந்து சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கும் நானே பொறுப்பு.

இரண்டு வழி இருக்கிறது. செட்டைத் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவோடு முழுப் பணமும் தருகிறேன். அல்லது 31 எண்ணில் இன்னும் இரண்டு கோப்பைகள் அனுப்புகிறேன், விலை வேண்டாம். மூன்று இடப்பக்கமும் மூன்று வலப்பக்கமுமாக மேசையில் எதிரெதிரே வைக்கலாம். இந்த யோசனை என் மாமியாருடையது. இரண்டையும் அவரே துணியில் சுற்றி வைத்துவிட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். எந்த வழி எடுத்தாலும் குறியை உங்கள் மனதுக்குச் சரியென்று பட்ட நிறத்தில் போடுங்கள்.

பார்சல் வந்து சேர ஆறு நாள் ஆகும். 28ஆம் தேதி நெருங்கிவிட்டது. எந்த வழி என்று புதன்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.