காலி இருக்கைக்குச் சொன்ன காட்டுப் படம்

மைனி,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று தியேட்டரில், பக்கத்தில் காலியாகக் கிடந்த இருக்கையிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் நடக்கிற சண்டைப் படம். மரம் கடத்துகிறவன் ஜீப்பில் துரத்த, கதாநாயகன் விழுதைப் பிடித்துக்கொண்டு அருவியைத் தாண்டுகிறான். "தாண்டிட்டான் மைனி, வேட்டி கூட நனையல" என்றேன். முன்வரிசைத் தம்பி திரும்பி, "ஆண்ட்டி, யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டான். இருக்கையைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டான்.

சர்க்கரை உங்கள் கண்ணைக் கொண்டுபோன பிறகும் நீங்கள் சினிமாவை விடவில்லை. கண் தெரியாதவளுக்குப் படம் எதற்கு என்று அண்ணன் சலித்துக்கொண்டபோது, "ஒங்க தங்கச்சி வாய் இருக்கைல எனக்குக் கண்ணு எதுக்கு?" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பை தைக்கிற வேலை கிடையாது. தாராவியிலிருந்து உங்கள் கையைப் பிடித்து, குழி எங்கே, சைக்கிள் எங்கே என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போவேன்.

காட்டுப் படம் என்றால் உங்களுக்கு உயிர். தண்ணீரும் பறவையும் காதிலேயே வந்துவிடும், மீதிக்கு நான். சும்மா சொல்வேனா? வில்லனுக்கு நம் பைக் கம்பெனி சேட்டின் தொப்பையை வைத்தேன். புலிக்கு என் அம்மாவின், அதாவது உங்கள் மாமியாரின், முழியை வைத்தேன். யானை எந்தப் பக்கம் வருகிறது என்று மாற்றிச் சொன்னால் தொடையில் கிள்ளுவீர்கள். "ஏட்டி, அது இந்தப் பக்கமால்லா பிளிறுது. ஒழுங்கா பாத்துச் சொல்லு."

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் கட்டில் பக்கம் வந்து ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். இன்னும் வாயே திறக்கவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கேட்டீர்கள்:

"டாக்டர் மூஞ்சி எப்படி இருக்குட்டி?"

அவருக்கும் ஒரு தொப்பையை வைத்திருக்கலாம். சிரிக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்ன வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

"சரி, தெரிஞ்சிட்டு" என்று கையை விட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் எதையும் பார்த்துச் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. வெளியே மழையா என்றுகூடக் கேட்கவில்லை.

நேற்று அந்தத் தம்பி போனதும் நானும் வாயை மூடிக்கொண்டேன். மூடியதும் எனக்கும் படம் தெரியவில்லை. மரம் ஓடியது, ஆள் ஓடினான், சுட்டார்கள். யார் யாரைச் சுட்டது என்று கேட்டால் தெரியாது. ரோட்டில் நடக்கும்போது மட்டும் உள்ளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: இதோ குழி, இதோ சைக்கிள், பார்த்து வாங்க மைனி. கை காலியாக வருகிறது. இதை எங்கே கொண்டு இறக்கி வைக்க என்று தெரியவில்லை.

இடைவேளையில் பழக்கதோஷத்தில் இரண்டு சமோசா வாங்கிவிட்டேன். உங்களுடையதைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். விளக்கு அணைந்த பிறகு ஒரு பெரியவர் தடவிக்கொண்டே வந்து அதன்மேல் உட்கார்ந்தார். பச்சைச் சட்னி ஊற்றி வாங்கியது. படம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.