இரண்டடிச் சுவர்

செவ்வாய், இரவு.

சிம்பாங் பூலாயில் கட்டும் புது வீட்டுக்குப் பின்னால், நான் கேட்ட மீன் குளத்துக்காக இன்று தோண்டினார்கள். தேநீர் குடிக்க மேசை, துவைக்கக் குழாய், மூலையில் வட்டமான குளம், எல்லாம் நானே பென்சிலால் வரைந்தது. வரைந்தபோது அங்கே லாலான் புல்லைத் தவிர எதுவும் இல்லை. ஏன் அந்த மூலை என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்றடி ஆழத்தில் ஒரு செங்கல் வளையம் தெரிந்தது. நான் வரைந்த அதே இடம், அதே அகலம்.

கொன்ட்ராக்டர் சேகர் வேலையை நிறுத்தச் சொன்னார். அவர் முன்பு இங்கிருந்த ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர் என்பது இன்றுதான் தெரிந்தது.

"இது எங்க லயத்துக் கிணறுக்கா. என் தங்கச்சி உள்ள விழுந்து செத்த பெறகு மண்ணப் போட்டு மூடிட்டாங்க. நீங்க முன்ன இங்க வந்திருக்கீங்களா?"

"இல்ல தம்பி. நான் காம்பார்ல பொறந்து வளந்தவ."

அவர் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"கொளத்துச் சுவரு எத்தன அடி போட்டிருக்கீங்க?"

"ரெண்டு. உக்கார வசதியா இருக்கும்லா."

"பத்தாதுக்கா. அந்தக் கிணத்துச் சுவரும் ரெண்டுதான்."

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "கொளமே வேணாம்லா, புல்லு போட்டுடலாம்" என்றார். சரியென்றுதான் பட்டது. சற்று முன் வட்டத்தை அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது, கிணறு அங்கேயேதான் இருக்கிறது, இப்போது அதைச் சுற்றிச் சுவரே இல்லை.

மறுபடி வரைந்துவிட்டேன். நாலடி.