அழிய மறுத்த ஹாட் டிஸ்க்

2025 மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பெண்கள் ஆலோசனை நிலையத்தின் பழைய கணினியை உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம். "ஃபோமற் அடிச்சாச்சுத்தானே ரேச்சல், குடுத்துவிடு" என்றார் பொறுப்பாளர் மியூரியல் அன்ரி.

பின்னேரம் தயாளினி வந்தாள். புருஷன் அடித்த கதையெல்லாம் எங்களிடம் சொல்லிப் பதிந்தவள். அவனுடைய அண்ணன்தான் அந்தப் பள்ளியில் கணினி படிப்பிக்கிறவன். "என்ரை கதை உதுக்குள்ளை கிடக்கோ அக்கா?"

"இல்லை, அழிச்சாச்சு" என்றேன். அவள் போனபின், சும்மா, அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். அவள் பெயரிலேயே கோப்பு எழும்பி வருகுது! கர்த்தரே, என்ன வேலை செய்யப் பார்த்தன்?

மார்ச் 5

டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு, மடிக்கணினியிலிருந்து முழு அழிப்புக் கட்டளை கொடுத்தேன். பிழை 05/20: அப்படியொரு கட்டளையே இல்லையாம். டிஸ்க் பழுது என்று அன்ரிக்கும் சொல்லியாயிற்று.

பிறகுதான் வாசித்தேன். அது டிஸ்க்கின் பதிலே இல்லை, இடையில் நிற்கும் பெட்டியின் பதில். கலியாணப் பெண்ணைக் கேட்காமலே தரகர் 'விருப்பமில்லை' என்றிருக்கிறார்!

மார்ச் 6

திரும்ப மேசைக் கணினியிலேயே கொழுவினேன். இப்போது 'உறைநிலை' என்கிறது. வைரஸ் எதுவும் அழித்துவிடக் கூடாதென்று, கணினி எழும்பும்போதே டிஸ்க்கைப் பூட்டிவிடுமாம். மருந்து? கணினியை நித்திரையாக்கி எழுப்புவது. இதென்ன பேய்க்கதை? செய்தேன். எழும்பிய அவசரத்தில் பூட்ட மறந்துவிட்டது! வாய் பிளந்தபடி இருந்தேன்.

இன்னொன்றும் கண்டேன். பழுதாகிய இடங்களிலிருந்து எழுத்தை வேறிடத்துக்கு மாற்றி, பழைய இடத்தை மூடி வைத்திருக்கிறது இந்த டிஸ்க். ஒருவருக்கும் சொல்லவில்லை. மேலே எதை எழுதினாலும் அந்த மூலைக்குப் போகாது. டிஸ்க்கின் சொந்த அழிப்புக் கட்டளை மட்டும்தான் போகும். என் காலடியில் இருந்துகொண்டு இவ்வளவும் செய்ததா? எனக்கு மெய்சிலிர்த்தது.

மார்ச் 10

தயாளினியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, அவளையே அழிப்புக் கட்டளைக்கான விசையை அழுத்தச் சொன்னேன். முடிந்ததும் டிஸ்க்கில் இருப்பதைத் திறந்து காட்டினேன். திரை முழுக்கப் பூச்சியம்.

"கடைசி மட்டும் காட்டுங்கோ அக்கா."

காட்டினேன். கடைசி வரை உருட்டி முடிக்கத் தேநீர் ஆறிப்போனது.

மார்ச் 12

கணினியைக் கொண்டுபோனோம். நான் கேட்காமலே தயாளினியும் வந்தாள். அவள் புருஷனின் அண்ணன் சிரித்துக்கொண்டு, "பழைய சாமான் ஏதும் உள்ளுக்கை கிடக்கோ?" என்றான்.

நான் வாய் திறக்கமுன் அவள் சொன்னாள்: "ஒண்டும் இல்லை. அறிய வேணுமெண்டால் என்னட்டைக் கேளுங்கோ."

அவன் கேட்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.