ஆணியில் தொங்கிய மாஸ்க்

சரவணை
14.07.2025

அன்பு மகள் கம்சாயினிக்கு,

உன்னையும் மருமகனையும் நயினை அம்மன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனையைத் தூக்கினேன், ஆனால் என்னைப் பற்றி மட்டும்தான் அப்படி எழுதலாம். எட்டாம் வகுப்பும் முடிக்காத அப்பா கடிதம் எழுதுகிறார், போனுக்கு என்ன நடந்தது என்று நீ சிரிப்பாய். போன் எப்போதும் அம்மாவின் கையில், அவவுக்கு முன்னால் இதைச் சொல்ல ஏலாது. அதனால் லீவு முடிந்து கனடா திரும்பும் வாகீசனிடம் கொடுத்து விடுகிறேன். உனக்கு அனுப்பும் மிளகாய்த்தூளோடு வரும், கடிதம் தும்மல் எழுப்பினால் என்னைத் திட்டாதே.

அம்மாவுக்குச் சுகமில்லை மகள். தடிமன், இருமல் என்று உனக்குச் சொன்னது வெறும் தடிமன் இல்லை. முந்தி நாங்கள் காளானுக்கு வைக்கோலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பையில் அடைத்து, பாதிப் பை பச்சைப் பூஞ்சணம் பிடித்து வேலிக்கரையில் கொட்டினது உனக்குத் தெரியும். நீ போன பிறகு அம்மா வேலணையில் நடந்த வகுப்புக்குப் போய் வந்து எல்லாவற்றையும் மாற்றினா. வைக்கோலைத் தகரப் பரலில் அவித்தா, சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் காளான் விதையைத் தொடமாட்டா. காளான் கொட்டில் வாசலில் சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைக்காமல் என்னையும் உள்ளே விடமாட்டா. கோயிலிலேயும் இவ்வளவு ஆசாரம் இல்லையப்பா என்று நான் நக்கலடிப்பேன். ஆனால் பை எல்லாம் பால் மாதிரி வெளுத்துக் கொத்துக் கொத்தாகப் பூத்தது. றஞ்சனி அக்காவும் இன்னும் ஐந்தாறு வீட்டுப் பெண்களும் வந்து அம்மாவிடம் பழகிக்கொண்டு போனார்கள்.

அந்த வகுப்பில் இன்னொன்றும் சொல்லி விட்டிருக்கிறார்கள். காளான் முழுக்க விரிந்தால் அடியில் இருந்து மா மாதிரித் தூள் கொட்டும், அது நெஞ்சுக்குக் கூடாது, விரிய முதல் பிடுங்க வேண்டும், மாஸ்க் கட்டிக்கொண்டு போக வேண்டும், கொட்டிலுக்குக் காற்று வந்து போக இடம் விட வேண்டும் என்று. சோளகக் காற்று ஈரத்தைக் குடித்துவிடும் என்று கிடுகு ஓலைக்கு உள்ளே பொலித்தீன் அடித்து ஓட்டையெல்லாம் மூடினவன் நான். மாஸ்க்கைக் கழற்ற வைத்தவனும் நான்தான். ஒரு நாள் விடிய, காளான் வாங்கப் பெண்கள் படலையில் நிற்கும்போது அம்மா மாஸ்க்கோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தா. பாருங்கோ பிள்ளையள், என்ரை மனிசி நகைக்கடை உடைக்க வெளிக்கிட்டிட்டா என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தா. அடுத்த நாள் மாஸ்க் குசினி ஆணியில் தொங்கியது, பிறகு அதில் இருந்து இறங்கவே இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன் மகள்.

இருமல் தொடங்கிய பிறகும் என் வாய் ஓயவில்லை. தொண்டைக்குள்ளை காளான் முளைச்சிட்டுதோ, பிடுங்கி வித்துப்போட்டு வரட்டோ என்று கேட்டேன். வைகாசியில் கிணற்றடியில் ஒரு வாளி தூக்க மூச்சு வராமல் அப்படியே குந்திவிட்டா. யாழ்ப்பாணத்தில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்த டொக்டர், அந்தத் தூள்தான் சுவாசப்பையைப் பழுதாக்கியிருக்கிறது, இனிக் கொட்டில் பக்கம் போகவே கூடாது, மருந்தால் இப்படியே வைத்திருக்கப் பார்க்கலாம், பழைய மூச்சு முழுக்கத் திரும்பாது என்றார். பஸ்சில் வரும்போது அம்மா சொன்னது ஒன்றுதான், பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ, கொட்டிலை மூடச் சொல்லுவாள் என்று.

மூடவில்லை. பொலித்தீனைக் கிழித்து எறிந்துவிட்டு நானே செய்கிறேன். அம்மா மாமரத்துக்குக் கீழே, காற்று வரும் பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்து, இஞ்சாருங்கோ கை கழுவினனீங்களோ, வைக்கல் அவிஞ்சு ஒரு மணித்தியாலம் ஆச்சோ என்று மெல்லிய குரலில் கேட்பா. ஓம் ரீச்சர் என்பேன். போன கிழமை நான் மாஸ்க்கோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, என்னை மேலும் கீழும் பார்த்து, எந்த நகைக்கடைக்கு வெளிக்கிட்டியள் என்று கேட்டா. இரண்டு வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறா. கேட்டுவிட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்பு இருமலாய் மாறி, கதிரைச் சட்டத்தைப் பிடித்தபடி, உதடு நீலம் பாரித்து, கால் மணித்தியாலம் மூச்சுக்குத் தவித்தா. நான் கூடையை வைக்கவும் மறந்து நின்றேன்.

அன்றிலிருந்து நான் பகிடி விடுவதில்லை. ஏன் ஊமையாய் இருக்கிறியள் என்று அம்மா கேட்கிறா, பல்லுக் கொதி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுதியதைக் காட்டிக்கொடுக்காதே. கொட்டிலை மூடச் சொல்லாதே, காளான் எப்படிப் பூக்கிறது என்று அவவிடமே கேள், அதைச் சொல்லும்போது முகம் தெளியும். ஆனால் நீ என் பிள்ளை, உனக்கும் என் வாய்தான். போனில் அம்மாவைச் சிரிக்க வைத்துவிடாதே மகள். குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பிள்ளை குட்டியோடு நீங்கள் நீண்ட ஆயுளாய் இருக்க வேண்டும்.

உன் அப்பா
செ. தவராசா