பிரேக்கில் இருந்த கால்

அண்ணே,

இன்று காலை மலையடிவாரக் கோயில் முன்னால் ஒரு ஜீப்பு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஏறியது. டீசல் புகையில் கலந்த அந்தப் புளிப்பு வாடை பட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உங்களை அடித்த இடம் அது.

ஏலக்காய் எஸ்டேட்டு வேலைக்கு எங்களை உங்கள் ஜீப்பில் ஏற்றிப்போன நாளெல்லாம் நீங்களேதான் டயருக்கடியில் பழம் வைப்பீர்கள். "பாய் வச்ச பழத்தை எங்க சாமி ஏத்துக்குமாண்ணே?" என்று சீண்டுவேன்.

"பழம் சாமிக்கு இல்ல தங்கச்சி, ஒங்க பயத்துக்கு. பயந்தா வளைவுல எல்லாரும் ஒரே பக்கமாச் சாயுறீங்க. வண்டி கவுந்துரும்ல?"

உங்கள் ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை. தொழுகை முடிந்து வந்த உங்களை நடுத்தெருவில் நிறுத்தி, "அல்லாவத் தொழுதுட்டு டயருக்குப் பழம் வைக்கிறியா?" என்று அறைந்தார்கள். மறுநாளும் வீங்கிய கன்னத்தோடு வந்து பழம் வைத்தீர்கள். "பல்லுதான் ஆடுது, வண்டி ஆடல. ஏறுங்க வெரசா!"

எங்கள் ஆட்கள் அறையோடு நிற்கவில்லை. கோயில் திருவிழாவில் இரு தெருவுக்கும் தகராறு வந்தபிறகு ஒருநாள், கோயிலை ஒட்டிய ஏற்றத்தில் ஜீப்பை மறித்தார்கள். "எங்க கோயில் வாசல்ல ஒனக்கென்னடா சோலி?" இரும்புக்குழாயின் முதல் அடி கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது உங்கள் தலையில்.

கைப்பிரேக் தேய்ந்த வண்டி. பின்னால் பள்ளம். நீங்கள் காலை எடுத்திருந்தால் உள்ளே இருந்த நாங்கள் அத்தனை பேரும் போயிருப்போம். தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடியே அடி வாங்கினீர்கள். விரல்கள் ஒடியும் சத்தம் எனக்குக் கேட்டது.

"எறங்கி ஓரமா ஓடுங்க ஆத்தா!" என்று கத்தினீர்கள்.

கடைசியாகக் குதித்தது நான். அதன்பிறகுதான் உங்கள் கால் நழுவியது. ஜீப்பு உங்களோடு பள்ளத்தில் உருண்டது.

உங்களை அறைந்தவர்களே உங்கள் படத்தைப் போட்டு அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். எங்கள் தெருவில் அதை விபத்து என்கிறார்கள். கூட வந்த பெண்கள் எதையும் பார்க்கவில்லையாம். அவர்களுக்கும் அதே தெருவில்தான் வீடு.

குதிக்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன், அண்ணே. குழாயைப் பிடித்திருந்தவன் என் சித்தப்பா மகன். பாலிடெக்னிக் படித்தவன்.

நாளை கோர்ட்டில் என் சாட்சி. அம்மா சோற்றுத்தட்டை வீசியெறிந்தாள். "அவன் பேரச் சொல்லிட்டு இந்த வாசல்ல கால வச்ச, வெட்டிப் போட்டுருவேன்."

வைக்கப்போவதில்லை. தோளில் மாற்றுத்துணிப் பை. நாக்கில் அவன் பெயர்.