எண்பது பரப்புக் காடு

கெற்றறிங், இங்கிலாந்து
22.04.2009

அன்பின் மலர்,

நீரும் பிள்ளையும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். சமையல்தான் சுகமில்லை.

உம்முடைய சட்டப்படி இதையும் தபாலில்தான் போடுகிறேன். ஐந்து நிமிடம் போனில் கதைக்கிற விஷயத்துக்கு முத்திரை ஒட்டுகிற மனிசனை இங்கே தபாற்கந்தோர்க்காரி புதினமாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும். பெப்ரவரியில் நாங்கள் இருவரும், இங்கிலாந்துக்குக் குடிவருவதா விபோர்க்கிலேயே இருப்பதா என்று ஒரு மணித்தியாலம் போனில் பிடுங்குப்பட்டதையும், அந்த நேரம் உம்முடைய தம்பி தயாபரன் வன்னியிலிருந்து மூன்று தரம் எடுத்து லைன் கிடைக்காமல் நின்றதையும் நானும் மறக்கவில்லை. அவனிடம் இருப்பது இரண்டே நம்பர். ஒன்று உம்முடைய வீட்டுப் போன், மற்றது என் மொபைல். நீர் முதியோர் இல்லத்தில் வேலைக்கு நிற்கிற பகல் முழுக்க என் காவல், மற்ற நேரம் உம்முடைய காவல். மொபைல் எந்த நேரமும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. குளிக்கப் போனால் கதவடியில் ஒரு கதிரை போட்டு அதில் வைக்கிறேன்.

நேற்றுச் செவ்வாய், எனக்கு ஓய்வு நாள். நான் வேலை செய்கிற பெற்றோல் செற்றுக்குப் பேப்பர் வாங்க வருகிற டொறீன் என்ற வயதான மனுசி, ஓய்வு நாளில் அறைக்குள் கிடக்காதே என்று ஒரு துண்டில் வழி கீறித் தந்து கலைத்துவிட்டா. போனேன். பெரிய காடு ஒன்றும் இல்லை, மொத்தமே எண்பது பரப்புத்தான், ஐந்து ஏக்கர் வரும். சுற்றிவரக் கோதுமை வயல். உள்ளே போனால் நிலம் தெரியாமல் நீலப் பூ. புளூபெல் என்கிறார்கள். மேலே ஓக் மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைக்க முன்னம் கீழே இதுகள் அவசரம் அவசரமாகப் பூத்து முடித்துவிட வேண்டுமாம். எனக்கு அது பிடித்துக்கொண்டது.

ஜெனனிக்கு லீவு விட்டதும் ஒரு கிழமை வாரும். குடிவரச் சொல்லவில்லை, சும்மா பார்க்கத்தான்.

உமது
சிறீ


விபோர்க், டென்மார்க்
29.04.2009

ஜெனனி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் இல்லை. முழங்கால் நோ இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை.

இங்கே நான் சாப்பாடு இறங்காமல் இருக்க, நீங்கள் பூப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

போன வியாழன் இரவு தயா எடுத்தான். நாற்பது செக்கன் இருக்கும். "அக்கா, இருக்கிறம். சுபாஜினியும் பிள்ளையும் பக்கத்தில நிக்கினம்" என்றான். இனி எடுப்பதென்றால் சற்றலைற் போன் வைத்திருக்கிறவனிடம் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டுமாம். பிறகு லைன் போய்விட்டது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஜெனனி வந்துதான் வாங்கி வைத்தாள்.

இங்கே ஏரிக்கரையில் மரமெல்லாம் இலைவிட்டுவிட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்தச் சனத்துக்கு அந்த முதல் பச்சையைப் பார்க்காவிட்டால் வருஷம் தொடங்காது. இல்லத்தில் இருக்கிற கிழவர் கிழவிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினோம். ஒரு கிழவர் அழுதார். எனக்கு மரமும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

வரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் போனை ஆரிடம் விட்டுவிட்டு வருவது?

ஒன்று கேட்கிறேன், சமாளிக்காமல் எழுதுங்கள். அந்தக் காட்டுக்குள் மொபைல் வேலை செய்யுமா?

மலர்


கெற்றறிங்
06.05.2009

அன்பின் மலர்,

முழங்காலுக்கு ஒரு தைலம் பார்சலில் வருகிறது. கேட்காதது பிழைதான்.

மொபைல் வேலை செய்யும். நேற்று உமக்காகவே பார்த்தேன். காட்டின் கேற்றடியில் நின்று பார்த்தபோது நாலு கோட்டில் மூன்று கோடு இருந்தது. ஆகவே பயப்படத் தேவையில்லை.

இந்தமுறை கொஞ்சத் தூரம் உள்ளே நடந்தேன். ஹேசல் மரங்களை அடியோடு வெட்டி விட்டிருக்கிறார்கள். செத்துப்போகும் என்று நினைத்தால், ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு தடி நிமிர்ந்து நிற்கிறது. வெட்டினால்தான் அதற்கு ஆயுள் கூடவாம். பாதையை விட்டு விலகி ஒரு அடி வைக்கக்கூடாது என்பது டொறீனின் கட்டளை. ஒருதரம் மிதிபட்ட இடத்தில் பூ திரும்ப வர வருஷக்கணக்கு எடுக்குமாம். வழுக்கி ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, ஆரும் கண்டார்களா என்று சுற்றிவரப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்தவன் மாதிரி.

நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதாம், அதற்குள் இருக்க ஒரு மர வாங்கும் போட்டிருக்கிறார்களாம். பூ அங்கேதான் இன்னும் அடர்த்தியாம். சேறாக இருந்ததால் நேற்று இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் இறங்குவேன்.

தயாவை நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதேயும். பகலை நான் பார்க்கிறேன்.

உமது
சிறீ


கெற்றறிங்
14.05.2009

அன்பின் மலர்,

வேலை கூட. மழையும் குளிரும். எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை.

தயா எடுத்தவனா? செவ்வாய்க்கிழமை பகல் நீர் வேலைக்குப் போனனீர்தானே?

தைலம் கிடைத்ததா என்று எழுதும்.

சிறீ


விபோர்க்
24.05.2009

ஜெனனி அப்பாவுக்கு,

தைலம் கிடைத்தது. பூசுகிறேன்.

திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவள் நல்ல மனதோடு, "உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, சந்தோஷம்" என்று சொல்லிக் கையைப் பிடித்தாள். நான் நன்றி என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தேன்.

ஜெனனி கோப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போய்த் தொண்டை அடைத்து வந்தாள். வந்தவள் மாமா இருக்கிறாரா என்று டெனிஷில் கேட்டாள். தெரியாது என்று நானும் டெனிஷில்தான் சொன்னேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

போனை இன்னும் காக்கிறேன். தப்பி வந்தவர்களை வவுனியாப் பக்கம் முகாம்களில் வைத்திருக்கிறார்கள். யோகம்மா மாமி வவுனியாவில்தானே இருக்கிறா, முள்வேலியடிக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறா.

ஓம், செவ்வாய் எனக்கு வேலைதான். ஏன் கேட்டீர்கள்? போன கடிதத்தில் காட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளத்துக்குள் இறங்கப்போவதாக எழுதினீர்கள். இறங்கவில்லையா?

மலர்


கெற்றறிங்
31.05.2009

அன்பின் மலர்,

இறங்கினேன். அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

12ஆம் திகதி செவ்வாய், காலை பத்தே முக்காலுக்குப் பள்ளத்தில் இறங்கி அந்த வாங்கில் இருந்தேன். ஓக் மரமெல்லாம் இலைவிட்டு உள்ளே இருட்டாகிவிட்டது. பூவும் வாடத் தொடங்கியிருந்தது, இன்னும் ஒரு கிழமைதான் நிற்கும் போல. ஒரு சத்தமும் இல்லை. மலர், உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அமைதி சந்தோஷமாக இருந்தது. முக்கால் மணித்தியாலம் தயாவையும் நினைக்கவில்லை, உம்மையும் நினைக்கவில்லை. மொபைல் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

ஏறிக் கேற்றடிக்கு வந்ததும் அது இரண்டு தரம் துடித்தது. தவறிய அழைப்பு இரண்டு. பதினொன்று எட்டுக்கு ஒன்று, பதினொன்று பதினொன்றுக்கு ஒன்று. அவன் முன்பு எடுத்த அதே சற்றலைற் போன் நம்பர். திருப்பி எடுத்தேன், எடுபடவில்லை. இருட்டும்வரை அந்தக் கேற்றடியிலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் உள்ளே இறங்கிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் ஒரு கோடும் இல்லை. கேற்றடியில் பார்த்துவிட்டுக் காடு முழுக்க வேலை செய்யும் என்று உமக்கு எழுதிக் கொடுத்த மடையன் நான்.

முதலில் வீட்டுக்கு எடுத்திருப்பான், நீர் வேலைக்குப் போயிருப்பீர், அதனால்தான் எனக்கு எடுத்திருக்கிறான். பகலை நான் பார்க்கிறேன் என்று சொன்னவன் பூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன சொல்ல எடுத்தானோ தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என்னை மன்னியும். மன்னிக்க முடியாவிட்டால் அதையும் எழுதும். எழுதாமல் மட்டும் இருக்காதேயும்.

சிறீஸ்கந்தராசா


விபோர்க்
11.06.2009

ஜெனனி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள். பதிலுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன்.

செவ்வாய் இரவு யோகம்மா மாமி எடுத்தா. சுபாஜினியையும் பிள்ளையையும் முகாமில் கண்டுவிட்டா. பிள்ளைக்குக் காலில் காயம், ஆறிக்கொண்டு வருகிறதாம். தயா இல்லை. 15ஆம் திகதி தண்ணி எடுக்கப் பங்கருக்கு வெளியே போன இடத்தில் ஷெல் விழுந்தது. சுபாஜினி கண்ணால் கண்டவள். அதனால் இனிச் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

12ஆம் திகதியைப் பற்றி மாமியிடம் கேட்கச் சொன்னேன். நேற்று அவ திரும்பப் போய் வேலியடியில் நின்று கேட்டிருக்கிறா. தயா காலையிலிருந்து வரிசையில் நின்று, முதலில் இங்கேயும் பிறகு உங்களுக்கும் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, சுபாஜினியிடம் சொன்னவனாம்: "ஒருத்தரும் எடுக்கேல்லை. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிருப்பினம், பாவங்கள். அவையாவது வழமைபோல இருக்கினம்." சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடினானாம். வேறு ஒன்றும் சொல்ல எடுக்கவில்லையாம். இருக்கிறோம் என்று சொல்லத்தான்.

நான் வேலைக்குப் போகவில்லை.

உங்களுக்குப் பொய் எழுதினேன். இல்லத்தில் ஒரு கிழவியைத் தூக்கும்போது தலை சுற்றி விழப்பார்த்தேன். டொக்டர் அந்தக் கிழமை முழுக்க லீவு எழுதித் தந்தார். நீங்கள் பயந்துபோவீர்கள் என்று சொல்லவில்லை. செவ்வாய் நான் வீட்டில்தான் இருந்தேன். எத்தனையோ இரவு கண்மூடாமல் இருந்த களை. பகல்தானே, பகலை அவர் பார்ப்பார் என்று நினைத்துப் போன் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் படுத்தேன். பத்து மணிக்குப் படுத்தவள் இரண்டு மணிக்குத்தான் எழும்பினேன். நீங்கள் வாங்கில் இருந்த நேரம் நான் கட்டிலில் கிடந்தேன். அவன் கூப்பிட்டபோது இந்த வீட்டில் மணிகூட அடிக்கவில்லை.

எழும்பியபோது உடம்பு லேசாக இருந்தது. எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை உங்களைத் தவிர வேறு ஆருக்கும் என்னால் சொல்ல முடியாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஜெனனிக்கு மாதக் கடைசியில் லீவு. யூலை 4ஆம் திகதிக்கு இரண்டு ரிக்கற் போட்டிருக்கிறேன். குடிவருகிற கதையைப் பிறகு பார்ப்போம், அதற்காக வரவில்லை. பூ முடிந்திருக்கும். அது பரவாயில்லை. எனக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, அந்த வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். திரும்பப் போக உங்களுக்குப் பயமாக இருக்கும் என்று தெரியும். நான் முன்னுக்கு நடக்கிறேன்.

என் புது மொபைல் நம்பரை மாமி சுபாஜினியிடம் கொடுத்துவிட்டா. வீட்டு நம்பரைப் பாடமாக்கி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். இனி வீட்டுப் போனைக் காக்க ஆள் தேவையில்லை. வாறம்.

உங்கள்
மலர்